சாரலில் சாயும் கீரை நாற்றுகள்

''வீட்டுத்தோட்டத்தில் தூவும் முளைக்கீரை விதை பாதி முளைப்பதில்லை. முளைத்ததும் சாரல் காலத்தில் சாய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?''

- வாசகி, மேலகரம்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. ஆழத்தில் புதைந்தால் முளைக்காது. மேலேயே கிடந்தால் எறும்பு இழுத்துப் போய்விடும். ஒரு சென்டுக்கு 10 கிராம் விதை போதும். அதை மணலோடு கலந்து சீராகத் தூவி, விரல்களால் லேசாகக் கிளறி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைத் தூவினால், எறும்பின் கவனம் அதில் திரும்பும்.

முளைத்த பிறகு சாய்வது நாற்றழுகல் நோய். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலில் மண்ணின் ஈரம் எளிதில் குறையாது. அந்த ஈரத்தில் பூஞ்சணம் பெருகி, மண்ணை ஒட்டிய தண்டை அழுக வைக்கிறது. இந்தப் பருவத்தில் வெயில் படும் இடத்தில் அரை அடி உயர மேட்டுப்பாத்தி அமையுங்கள். மக்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடலாம். மேல்மண் உலர்ந்தால் மட்டுமே தண்ணீர் விடுங்கள். நெருக்கமான நாற்றுகளைக் கலைத்துவிடுங்கள். பிடுங்கியது குழம்புக்கு ஆகும்.

சுமார் 25 நாட்களில் அறுவடை செய்யலாம். திடமான நான்கைந்து செடிகளைக் கதிர் முற்றும்வரை விட்டுவைத்தால், அடுத்த முறை விதைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.