இரண்டாம் அணி எதற்கு?

“வென்றாலும் கேட்பாரில்லை, தோற்றாலும் கேட்பாரில்லை. இரண்டாம் அணிக்குப் பணம் எதற்கு?” என வினவுவோர் கல்விக்கூடங்களில் உளர். சிக்கனம் பேசுவதுபோல் தோன்றும் இவ்வினா உண்மையில் அநீதியையே பேசுகின்றது.

முதல் அணியில் இடம்பெறுவோர் யாவர்? இளமையிலேயே மைதானமும் பயிற்றுநரும் வாய்க்கப்பெற்றோரே பெரும்பாலர். கொக்கட்டிச்சோலை மாணவனின் நிலை யாது? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ளது அவ்வூர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையை நேரே அடையப் பாதையேறி வாவியைக் கடத்தல் வேண்டும். பிற ஊர்கள் மைதானம் சமைத்த காலத்தில், 1987இலும் 1991இலும், அவ்வூர் படுகொலையுண்ட தன் மக்களுக்காக அழுதுகொண்டிருந்தது. அம்மண்ணில் வயலோரம் பந்துதைத்துப் பழகியவன் முதலாண்டிலேயே நகரத்து மாணவனுக்கு நிகராதல் அரிது. ஈராண்டு கொடுத்தால் நிகராவான். அவ்வீராண்டின் பெயரே இரண்டாம் அணி.

முதல் அணிக்கும் இதனால் ஆதாயமுண்டு. மாலைதோறும் எதிர்நின்று ஆடப் பதினொருவர் இல்லையேல், முதற்பதினொருவர் யாருடன் பொருதிப் பழகுவர்?

மட்டக்களப்பு மக்கள் இவ்வுண்மையை என்றோ அறிந்தவர். கண்ணகி வழிபாட்டோடியைந்த கொம்புமுறியில் ஊரே வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து நின்று வடம் இழுக்கும். கொம்பு பூட்டும் வல்லுநர் சிலரே. இழுக்கும் கைகளோ பல. அக்கைகளை விலக்கினால் விளையாட்டே இல்லை.

கல்லூரி விளையாட்டு கைதட்டுவோரைப் பெருக்குவதற்கன்று, ஆடுவோரைப் பெருக்குவதற்கே. இரண்டாம் அணியைக் கலைப்போர் மிச்சம்பிடிப்பது சில பந்துகளின் விலை. அடைப்பதோ, பிந்தி வந்தவனுக்கு எஞ்சியிருந்த ஒரே வாயில்.