மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் இடம் உண்டு: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு கணக்கு

2025 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாயின. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். எந்த மாவட்டம் முந்தியது, எந்த மாவட்டம் பின்தங்கியது என்ற வரிசையோடு அன்றைய விவாதம் முடிந்துவிட்டது. தேர்ச்சி பெற்றும் எதிர்பார்த்த மதிப்பெண்ணை எட்டாத பிள்ளைகள் அந்த 95 சதவீதத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அன்று மாலை தொடங்கி ஆகஸ்ட் வரையிலான வாரங்களில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் நம் இயக்கங்களுக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறோம். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வு மருத்துவக் கல்லூரியின் கதவை அடைத்ததால் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போனார். அந்த அநீதியை எதிர்த்து நாம் தெருவுக்கு வந்தது சரி. ஆனால் அதன் பிறகு, 'தகுதி இருந்தும் மறுக்கப்பட்டவர்' மட்டுமே நம் போராட்டத்தின் முகமாகிவிட்டார். 600-க்கு 310 பெற்ற சேரிப் பிள்ளைக்காக நாம் எப்போது பேசினோம்? மதிப்பெண் கூடியவருக்கே உரிமை என்ற வாதம் நம்மை எதிர்ப்பவர்களுடையது. நாம் அதைக் கடன் வாங்கத் தேவையில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். லைட்ஹவுஸ் குப்பம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களும், அவற்றை ஒட்டிய ஆதிதிராவிடர் குடியிருப்புகளும் இருளர் குடிசைகளும் ஒரே ஏரியை நம்பி வாழ்கின்றன. ஒரே உரிமையோடு அல்ல. ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை விடலாம் என்பதை முறைப்படுத்தும் 'பாடு' வழக்கத்தில் பட்டினவர் ஊர்களுக்கே பங்கு. தலித்துகளும் இருளர்களும் பெரும்பாலும் அதற்கு வெளியே, ஆழம் குறைந்த நீரில், கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். முகத்துவாரம் அடைபடுவதும், எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்துத் துறைமுகங்களும் அனல் மின் நிலையங்களும் ஏரியின் வருவாயைக் குறைத்துவிட்டன. இப்பிள்ளைகளுக்குக் கல்லூரி என்பது ஏரியைவிட்டு வெளியேறும் வழி. மதிப்பெண் குறைந்தால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வசதி இக்குடும்பங்களுக்கு இல்லை. ஓராண்டு வீட்டில் இருக்கும் மகனை ஒப்பந்தக் கூலிக்கும் மகளைத் திருமணத்துக்கும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசுப் பள்ளியில் படித்த ஓர் ஆதிதிராவிடர் மாணவி பொறியியல் சேர விரும்பி, 150-க்கு மேல் கட்-ஆஃப் வரும் என்று நம்பியிருந்தார். வந்ததோ கணிதத்தில் 52, இயற்பியலில் 41, வேதியியலில் 44. கணித மதிப்பெண்ணோடு மற்ற இரண்டின் பாதியைக் கூட்டினால் கட்-ஆஃப் 200-க்கு 94.5. வீட்டில் அழுகை. 'இந்த மார்க்குக்கு எங்கேயும் கிடைக்காது' என்று அக்கம்பக்கம் சொல்லும். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பட்டியல் சாதியினருக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம், அதாவது 300-க்கு 120. இவரிடம் 137 இருக்கிறது. அவர் தகுதியானவர்.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர் வருகிறார். முடிவு வந்த ஓரிரு நாளில் தொலைபேசி அழைப்பு வரும். 'கலந்தாய்வு வரைக்கும் காத்திருந்தால் எதுவும் மிஞ்சாது. இப்போதே முன்பணம் கட்டினால் இடம் உறுதி' என்பார். அவர் விற்பது தனியார் சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசின் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன. மிச்சமுள்ளதுதான் நிர்வாகத்தின் கையில். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஆனால் உள்ளே போக இரண்டு வாசல்கள். எந்த வாசலில் நுழைந்தார் என்பதே ஒரு தலித் மாணவரின் அடுத்த நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

காரணம், கல்வி உதவித்தொகை. 2012-ஆம் ஆண்டின் அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்க வழிசெய்தது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். தமிழகத்தின் தலித் குடும்பங்களில் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் பலர் உருவானதில் இந்த ஆணைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மெட்ரிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு ஒன்றிய அரசு 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகள், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை வெளியே தள்ளின. கலந்தாய்வு வாசலில் வந்தவரின் கட்டணத்தை அரசு ஏற்கும். நிர்வாக வாசலில் வந்தவர் முழுவதையும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். இடைத்தரகர் இதைச் சொல்வதில்லை. சில வேளை 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வந்துவிடும்' என்றே சொல்லிச் சேர்த்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை வராதபோது உண்மை தெரியும். அப்போது பாதியில் நிற்கிறார் மாணவர்.

இதில் மிகக் கசப்பான செய்தி வேறொன்று. பொறியியல் கலந்தாய்வு முடிந்த பின் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. 94.5 கட்-ஆஃபுக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கணினி அறிவியல் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் இடைத்தரகர் காசுக்கு விற்கும் அதே வகைக் கல்லூரியில், கடைசிச் சுற்றில், கட்டணமின்றியே இடம் கிடைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தமக்கு உரிமையாகவே கிடைக்கவிருந்த ஒன்றை இக்குடும்பங்கள் கடன் வாங்கி விலைக்கு வாங்குகின்றன. நகையை அடகு வைத்துச் சொந்த வீட்டுக்கு வாடகை கட்டுவது போன்றது இது.

நம் மாணவி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவரானால் நிலைமை இன்னும் மேல். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை வழங்குகிறது. அவ்வழியில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஓராண்டு படித்திருந்தாலும் இது கிடைக்காது என்பதை நினைவில் கொள்க. அருந்ததியர் உள் ஒதுக்கீட்டில் நிரம்பாத இடங்கள் பிற பட்டியல் சாதியினருக்குத் திரும்பும் சுற்றும் கலந்தாய்வின் கடைசிக் கட்டத்தில் நடக்கிறது. அதற்குள் பெரும்பாலானோர் நம்பிக்கை இழந்து எங்கோ சேர்ந்திருப்பார்கள்.

பொறியியல்தான் வேண்டும் என்று இல்லாதவருக்கு வழி இன்னும் அகலம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். மொழிப்பாடம் நீங்கலாக மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணே அங்கே கணக்கு. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குப் பொன்னேரி எல்.என். அரசுக் கல்லூரிதான் அருகில் உள்ளது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பேருந்துச் செலவுக்கும் மதிய உணவுக்கும் அது ஈடுகொடுக்கும். வழக்கறிஞராக விரும்புவோர் கவனிக்க: டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பட்டரைப்பெரும்புதூரில், அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நம் வழக்குகளை நடத்த நமக்கு ஆள் போதவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

ஒரு பாடத்தில் தோற்றவர்களுக்கும் அந்த ஆண்டு வீணாக வேண்டியதில்லை. ஜூன் இறுதியில் துணைத்தேர்வு வருகிறது. அதில் தேர்ச்சி பெற்றவர்களுக்கென்றே பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. மதிப்பெண்ணில் ஐயமிருந்தால் விடைத்தாள் நகலை முதலில் பெற்று, பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். இதற்கான அவகாசம் சில நாட்களே. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 'பிளஸ் டூ தேறாமலே பட்டம்' என்று திறந்தநிலைப் படிப்பை விற்போர் இருக்கிறார்கள். அடிப்படைக் கல்வியை முறையாக முடிக்காமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. அப்பட்டத்தைக் கொண்டு அரசு வேலைக்குப் போக முடியாது.

பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரியும் உண்டு. ஏரியையும் இறாலையும் கைரேகை போல் அறிந்த வீடுகளுக்கு இத்தனை அருகில் இருக்கும் அக்கல்லூரி, தலித், இருளர் பிள்ளைகளுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்கான தனி இடங்களைக் கோர, பெற்றோர் மீனவர் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'மீனவர்' என்றதும் சாதிப் பெயரை நினைப்பது அலுவலகங்களின் பழக்கம். அந்த வாரியத்துக்கு அடிப்படையான 2007-ஆம் ஆண்டுச் சட்டமோ, தன் பெயரிலேயே மீன்பிடியிலும் அதன் சார்புத் தொழில்களிலும் ஈடுபடும் தொழிலாளரையும் சேர்த்துச் சொல்கிறது. தொழிலே அளவுகோல், சாதி அல்ல. எனவே கையால் இறால் பிடிக்கும் குடும்பம் பதிவு கோருவதை மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெற்று மேல்முறையிட வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் காலம் போதாது.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல். ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் நிலையில்தான் பெற முடியும். விசாரணை என்ற பெயரில் இருளர் பிள்ளைகளின் மனுக்கள் மாதக்கணக்கில் கிடக்கும்போது கலந்தாய்வு முடிந்துவிடுகிறது. ஒரு விழுக்காட்டு இடத்துக்கு உரியவர் பொதுப் பிரிவில் போட்டியிட்டுத் தோற்கிறார். டாலி சந்தா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியது இங்கே பயன்படும்: குறித்த நாளில் தகுதி இருக்க வேண்டும் என்பதே கண்டிப்பான விதி, அதற்கான சான்றைக் காட்டுவதில் அதே கண்டிப்பு தேவையில்லை. சான்று தாமதமானதால் இடம் மறுக்கப்பட்டால், மனு கொடுத்த நாளின் ஒப்புகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உடனே நீதிமன்றத்தை அணுகலாம். அந்தச் சீட்டு தொலைந்தால் வழக்கும் பலவீனமாகும்.

ஏற்கெனவே அவசரத்தில் எங்கோ பணம் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? சரிபார்ப்புக்காக வாங்கும் அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பாவது விலகினால், 5 சதவீதத்துக்கும் 5,000 ரூபாய்க்கும் மேற்படாத செயலாக்கக் கட்டணம் போக, முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-இலிருந்து குற்றம். நடைமுறையில், மாற்றுச் சான்றிதழைக் கேட்கப் போகும் தாயை அலுவலக வாசலில் நாள் முழுக்க உட்கார வைக்கிறார்கள். அதனால் விலகல் கடிதத்தை நேரில் கொடுத்துவிட்டு வாராமல், பதிவு அஞ்சலிலும் அனுப்புங்கள் என்கிறோம். விலகிய தேதியை அதுவே நிரூபிக்கும். இடைத்தரகரிடம் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால், அழைப்புப் பதிவும் பணப் பரிமாற்றக் குறுஞ்செய்தியும் புகாருக்குச் சான்றாகும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டல் நடக்கிறது. தோற்றவர்களையும் சேராமல் நின்றவர்களையும் தேடிச் சேர்க்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. நல்ல முயற்சிகளே. ஆனால் அரங்கில் நடக்கும் முகாமுக்கு ஏரிக்கரையிலிருந்து வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இடைத்தரகரோ வீடு தேடி வருகிறார். முடிவு வெளியாகும் வாரத்தில் குடியிருப்புக்கே ஆள் போக வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த நம் கல்லூரி மாணவர்கள் இருவர் ஒரு மடிக்கணினியோடு போனாலும் அந்த வாரத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

மாணவர்கள் தாமே செய்யக்கூடிய இன்னொரு வேலையும் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் எத்தனை காலியாயின, எந்தத் தேதியில் எந்த ஆணையின்படி அவை பிற பிரிவினருக்கு மாற்றப்பட்டன, அதற்கு முன் காத்திருப்போர் பட்டியலில் இருந்த நம் பிள்ளைகளுக்கு அழைப்பு போனதா, எந்த வழியில் போனது என்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலரிடமும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் மாணவர்கள் கடந்த மூன்று கல்வியாண்டுகளுக்கும் சேர்த்து இந்த விண்ணப்பத்தைப் போடுவதாயின், வாசகத்தைத் தயாரித்துக் கொடுக்கவும், பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யவும் நாம் தயாராக இருக்கிறோம்.