மனநோயைக் கண்டறிய ஸ்கேன் போதுமா?

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை உண்டு. எலும்பு முறிவுக்கு எக்ஸ்-ரே உண்டு. மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ அத்தகைய பரிசோதனை இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதையும் அவரது நடத்தையையும் கொண்டே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். மூளைப் படங்களும் மரபணு ஆய்வும் இக்குறையைத் தீர்க்கும் என்ற எதிர்பார்ப்பு நெடுநாளாக நிலவுகிறது.

குறை உண்மையானதே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோய். அப்படியானால், ஒரேயொரு அறிகுறி மட்டும் பொதுவாக உள்ள இருவருக்கும் ஒரே நோய்ப்பெயர் கிடைக்கக்கூடும். அக்கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-இல் வெளிவரும் முன் நடந்த கள ஆய்வில், ஒரே நோயாளியைத் தனித்தனியே பார்த்த மருத்துவர்களிடையே மனச்சோர்வு குறித்த உடன்பாட்டுக் குறியீடு 0.28 மட்டுமே. முழு உடன்பாடு எனில் அது 1 ஆக இருக்கும்.

அவ்வாண்டில்தான் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் தாமஸ் இன்செல், அறிகுறிப் பட்டியலிலிருந்து விலகி, மூளை, மரபணு ஆகியவற்றின் அடிப்படையில் ஆய்வுகளை அமைக்கப்போவதாக அறிவித்தார். அறிவு வளர்ந்தது. மனச்சிதைவுடன் தொடர்புடைய மரபணு இடங்கள் 2014-இல் 108 என அறியப்பட்டன. 2022-இல் அவை 287 ஆயின. ஆயினும் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. மனச்சிதைவுக்கும் இருதுருவ நோய்க்கும் மரபணுப் பின்னணி பெருமளவு பொதுவானது என்பதும் புலனாயிற்று. மூளைப் படங்களில் நம்பத்தக்க தொடர்புகளைக் காண ஆயிரக்கணக்கானோரை ஆராய வேண்டும் என 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. வழக்கமான ஆய்வுகளோ சில பத்துப் பேரைக் கொண்டே முடிவுரைத்தவை. பெருந்தொகை செலவிட்டும் தற்கொலைகளைக் குறைக்க இயலவில்லை என இன்செலே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு கணக்கை முன்வைக்கிறேன். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு மனநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவர், இல்லாதவர் என இரு தரப்பிலும் 90 விழுக்காடு சரியாகச் சொல்லும் பரிசோதனை ஒன்று கிடைத்தால், அது ஒன்பது நோயாளிகளைக் கண்டறியும். நோயற்ற 990 பேரில் 99 பேரையும் நோயாளிகள் என்றே சொல்லும். ஆக, முத்திரை குத்தப்படும் 108 பேரில் 99 பேர் நலமானவர்கள். மனநோய் என்ற சொல்லே திருமணத்தையும் வேலையையும் பறிக்கக்கூடிய சமூகத்தில் இதன் விலை என்ன?

இதனால் ஸ்கேன் வீண் என்பதல்ல. மூளைக் கட்டி, வலிப்பு, மூளை அழற்சி போன்றவை மனநோய்போலத் தோன்றும்போது அவற்றைப் பிரித்தறிய அது உதவும். மரபணு ஆய்வும் தொடர வேண்டும். இதுவரையிலான தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால், நம் மக்களிடமும் அது நடத்தப்பட வேண்டும்.

ஆனால் வளம் குறைந்த நாட்டில் முன்னுரிமை முக்கியம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு உள்ளது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. அவர்களுக்குக் குறைவது துல்லியமான ஸ்கேன் அன்று. அரை மணி நேரம் அமர்ந்து கேட்கும் மருத்துவரும், தடையின்றிக் கிடைக்கும் மாத்திரையுமே. பொது நிதி முதலில் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளுக்குச் செல்லட்டும். ஆய்வகப் பரிசோதனைகள் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே நோயாளியிடம் வரட்டும்.