பீலித் தண்ணீரும் வானலையும்

பதுளை மாவட்டத்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேவாலயங்களுக்குக் கோட்லஸ் மைக் வாங்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே வருகிறது: "ஆராதனைக்குப் பாவிக்கிற மைக்குக்கு அனுமதிப்பத்திரம் எதற்கு?" அந்த வாதத்தின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'அலை யாருக்கும் சொந்தமில்லை' என்பது முதற்கால். அலை எல்லாருக்கும் சொந்தம். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலும், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த நம் இலங்கை உயர் நீதிமன்றம் 1997இலும் வானலையைப் பொதுச்சொத்து என்றே கூறின. தோட்ட லயத்துத் தண்ணீர்ப் பீலியும் பொதுதான். அதனால்தான் அங்கே முறை வைத்துக் குடம் பிடிக்கிறோம்.

'சின்ன மைக், நூறு மீட்டர்கூடப் போகாது.' உண்மைதான், ஆனால் அந்த நூறு மீட்டருக்குள்தான் லயம் இருக்கிறது. இவ்வகை மைக்குகள் பல, 470 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே, தொலைக்காட்சி ஓடும் அதே பட்டையில் இயங்குபவை. மலைகளைத் தாண்டி மெலிந்து வரும் படத்தைக் கெடுக்கப் பக்கத்தில் உள்ள சிறு மைக் போதும். கோவில் திருவிழா மைக்கும் அதே அலைவரிசையில் இருந்தால், போதகரின் பிரசங்கத்துக்கு நடுவே திருவிழா அறிவிப்புக் கேட்கும்.

'கடையில் விற்கிறார்களே, அப்படியானால் சட்டப்படிதானே?' அமெரிக்கச் சபைகளும் அப்படித்தான் நம்பி வாங்கின. 700 மெகாஹேர்ட்ஸ் பட்டை கைத்தொலைபேசிச் சேவைக்கும் பொலிஸ், தீயணைப்புப் பிரிவினருக்கும் ஒதுக்கப்பட்டதால், 2010 ஜூன் 12க்குப் பின் அங்கே மைக் பாவிக்கத் தடை வந்தது. 600 மெகாஹேர்ட்ஸின் பெரும்பகுதியும் 2020 ஜூலை 13உடன் கைவிட்டுப் போனது. வீணானது காணிக்கைப் பணம். இங்கே 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் அலைவரிசைப் பாவனையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பொறுப்பில் வைத்திருக்கிறது. கடைச் சிட்டை அனுமதிப்பத்திரம் ஆகாது.

'இது மதச் சுதந்திரத்தில் கை வைப்பது.' என்ன பிரசங்கித்தீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்றுதான் கேட்கிறது. கோவில், பள்ளிவாசல், விகாரை, கலியாண மண்டபம் எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. வயர் மைக்கில் செய்யும் ஆராதனைக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

ஒரு நியாயம் மட்டும் மிஞ்சுகிறது. நாட்சம்பளக்காரர்களின் சபை இதற்காகக் கொழும்புக்கு அலைய முடியாது. எந்த அலைவரிசையை, எந்த வலுவில் பாவிக்கலாம் என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, பதுளை மாவட்டச் செயலகத்திலேயே ஆணைக்குழு கிடைக்கச் செய்ய வேண்டும். நாமும் வாங்குமுன் மைக்கின் பின்புறத்திலுள்ள அலைவரிசை எண்ணைப் படித்துப் பார்த்து, அது அனுமதிக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் புதைந்ததைக் கண்ட மாவட்டம் இது. அப்படியான வேளையில் மீட்க வருபவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதும் அலைகளில்தான். அயலானை நேசி என்று போதிக்கும் பீடம், அயலானின் அலைக்கும் வழி விட வேண்டும்.