பந்தா... வழுக்கையா?

2020 அக்டோபர் 24. ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரம். உள்ளூர் கால்பந்து டீமான இன்வர்னஸ் கலிடோனியன் திசில், அய்ர் யுனைடெட்டோடு மோதியது. கொரோனா காலம் என்பதால் கேலரி காலி. ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து நேரடி ஒளிபரப்பை நம்பியிருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் ஆளே கிடையாது. பந்தைத் தானே கண்டுபிடித்து, தானே துரத்துகிற ஆட்டோமேட்டிக் கேமரா!

பந்து ஒரு பக்கம் ஓட, கேமரா வேற பக்கம் போய் நின்றது. எங்கே தெரியுமா? கோட்டோரம் கொடியோடு நின்ற லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையில்! ஒரு தரம் இல்ல மக்கா, திரும்பத் திரும்ப. உருண்டையா இருக்கு, பளபளன்னு மின்னுது... மெஷின் பாவம், என்ன பண்ணும்? மேட்ச் 1-1 டிரா. ஜெயிச்சது வழுக்கைதான்!

உலகமே சிரிச்சுது. நானும்தான். ஆனா, சிரிச்சு முடிச்சிட்டு மேட்டருக்கு வாங்க. அந்தக் கிளப்பாவது ப்ரொஃபஷனல். டி.வி. வேன் எட்டிக்கூடப் பார்க்காத பள்ளி, காலேஜ், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களுக்கு இந்த மாதிரி கேமரா ஒரு வரப்பிரசாதம்.

எப்படி வேலை செய்யுது? கேமராமேன் அண்ணன் மாதிரி இது கழுத்தைத் திருப்புறதே இல்லை. டென்மார்க்கின் வியோ கேமராவை எடுத்துக்குங்க. உயரமான ஸ்டாண்டு மேல ரெண்டு லென்ஸ். ரெண்டும் சேர்ந்து 180 டிகிரி, அதாவது முழு மைதானத்தையும் ஒரே அகலப் படமா பிடிச்சிடும். அப்புறம் சாஃப்ட்வேர், பந்து எங்கேன்னு தேடி, அந்த இடத்தை மட்டும் சின்ன ஜன்னல் மாதிரி வெட்டிக் காட்டும். நாம பார்க்கிறது அந்த ஜன்னலைத்தான். இன்வர்னஸில் இருந்தது இஸ்ரேலின் பிக்ஸலாட் கம்பெனி கேமரா. அதிலும் அடிப்படை இதேதான். தப்பா நகர்ந்தது ஜன்னல்!

எனக்குப் பிடிச்ச விஷயமே இங்கதான் இருக்கு. பந்தைத் துரத்துறதுல மனுஷன்தான் கில்லாடி. ஆனா, மனுஷன் பந்தை மட்டும்தான் துரத்துவான். பந்தே வராம, எதிர் டீம் ஃபார்வர்டை 90 நிமிஷமும் மறிச்சுக்கிட்டே நின்னானே ஒரு லெஃப்ட் பேக்... அவன் எந்த கேமராமேன் கண்ணுலயும் பட மாட்டான். அகலப் படத்தில் அவனும் இருக்கான். மேட்ச் முடிஞ்சப்புறம் ஜன்னலை அவன் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம்!

அமெரிக்காவில் இது வாழ்க்கைப் பிரச்னை. பள்ளியில் ஆடுற பசங்க, தங்களோட வீடியோவைக் கல்லூரி கோச்களுக்கு அனுப்புவாங்க. ஸ்காலர்ஷிப் கிடைக்கிறதுல அந்த வீடியோவுக்குப் பெரிய பங்கு. வேலைநாள் சாயங்காலம் லீவு போட்டுட்டு கேமராவோட வந்து நிற்க, எல்லா அப்பாவாலயும் முடியுமா? 2013-ல் தொடங்கிய என்.எஃப்.ஹெச்.எஸ். நெட்வொர்க், பள்ளி ஜிம்களிலும் மைதானங்களிலும் பிக்ஸலாட் கேமராக்களை நிரந்தரமா மாட்ட ஆரம்பிச்சுது. ஸ்டார் டீம் மேட்ச்தான்னு இல்லை, ஜூனியர் டீம், பெண்கள் டீம் எது ஆடினாலும் ஓடும். யார்கிட்டயும் போய் 'வந்து எடுத்துக் கொடுங்க'ன்னு கெஞ்ச வேண்டாம்.

கசப்பும் உண்டு. லைவ் பார்க்க சந்தா கட்டணும். சொந்தப் புள்ள ஆடுறதைப் பார்க்கவும்! இன்னொண்ணு, பதினஞ்சு வயசுப் பையன் போட்ட சேம் சைடு கோலும் அழியாம அங்கேயே கிடக்கும். கேமரா மாட்டுறதுக்கு முன்னாடி 'யார் பார்க்கலாம், எப்போ அழிப்பீங்க?'ன்னு கேட்கிற உரிமை ஆடுறவனுக்கு வேணும். இதை நான் வளைஞ்சு கொடுக்கிறதா இல்லை!

உங்க காலேஜ்ல அந்த கேமரா இல்லையா? ஒரு போன் போதும் பாஸ். மாடி வராந்தாவோ, கேலரியின் உச்சிப் படியோ, நடுக்கோட்டுக்கு நேரா உயரமான இடமா பார்த்து ஸ்டாண்டுல அசையாம நிறுத்துங்க. போனைப் படுக்கவெச்சு, வைட் லென்ஸ்ல, ஜூம் தொடாம விடுங்க. சூரியன் லென்ஸுக்கு எதிர்ல வேண்டாம். வாலிபால், பாஸ்கெட்பால்னா கோர்ட் மொத்தமும் அடங்கிடும். ஃபுட்பால்னா ரெண்டு போன், பாதிப் பாதி. உயரத்திலிருந்து எடுக்கிறப்போ முகம் தெரியாது. அதனால ஜெர்ஸி நம்பரை மட்டும் பெருசா போடச் சொல்லுங்க!