நிலம் கொடுத்தார்கள், எங்கே போயிற்று?

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும்தான் நினைவுக்கு வரும். திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள். வேறொரு காஞ்சிபுரம் தெரியும்! கிராமத்து ஜனங்கள் மனுவுடன் நிற்பார்கள். 'எங்கள் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தாருங்கள்' என்று கேட்பவர்களும் அவர்களில் உண்டு.

அது என்ன பஞ்சமி நிலம்?

1843-ல் வெள்ளைக்கார சர்க்கார் அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் செய்தது. ஆனால், காஞ்சிபுரம் அன்று சேர்ந்திருந்த செங்கல்பட்டு ஜில்லாவில் படியாள் படியாளாகவே இருந்தான். கடன் அவனைக் கட்டிப் போட்டது. குடிசை இருந்த மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும்! அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் இதை விவரமாக எழுதி அனுப்பினார். 1892-ல் உத்தரவு பிறந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம். 10 ஆண்டு விற்கக் கூடாது; அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்கலாம். இதுவே பஞ்சமி நிலம்.

40 ஏக்கர்

அமெரிக்காவில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்று ஒரு அரசியல்வாதி இருந்தார். அடிமை ஒழிப்புக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். 1865-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அவருக்கு அது போதவில்லை. 'பெரிய பண்ணைகளைப் பறிமுதல் செய்து, விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் கொடு' என்றார். காங்கிரஸ் சபை மறுத்துவிட்டது. 1868-ல் இறந்தார். கறுப்பருக்கு இடமில்லாத சுடுகாடு வேண்டாம் என்று, எல்லா இனத்தவரையும் புதைக்கும் இடத்தையே தமக்குத் தேர்ந்தெடுத்தார். நம் ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடு இருப்பதை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

ஸ்டீவன்ஸ் கேட்ட நிலம் கிடைக்கவில்லை. இங்கே கிடைத்தது, கையில் நிற்கவில்லை! தமிழ்நாடு முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. கல்யாணக் கடன், வயிற்றுப்பாடு, மிரட்டல் என்று பல வழிகளில் பிறர் கைக்குப் போயிற்று. காரணை கிராமத்து நிலத்துக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இருவர் மாண்டனர்.

நிபந்தனையை மீறிய கிரயம் செல்லாது. பிறகு ஏன் மனு? பழைய பதிவேட்டில் அது பஞ்சமி நிலம் என்று காட்ட வேண்டுமே! உத்தரவு போட்டது சர்க்கார். பதிவேடு இருப்பதும் சர்க்காரிடம். அதைத் தேடி எடுத்து வருகிற வேலை மட்டும் கூலிக்காரனுடையதா? கிராமவாரியாகப் பட்டியல் எடுத்துத் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒட்டட்டும். மனுக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்து நிற்கிறார்.