சம்பளம் கேட்பது குற்றமா?

பங்கு பேசாமல் பள்ளிவாசல்துறையில் எவரும் கரைவலை இழுப்பதில்லை. அதே கற்பிட்டிக் கரையின் விடுதிகளில், சமையற்கலைச் சான்றிதழோடு முதல் வேலைக்குச் செல்லும் இளைஞன் சம்பளம் கேட்டால் மட்டும், "முதலில் தொழிலைப் பழகு தம்பி" என்கிறார்கள். பழகத்தானே ஐயா, அவன் படிக்கப் போனான்?

"சாப்பாடு இலவசம்" என்பது அடுத்த வாதம். முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியையும் உழைப்பாகவே கணக்கிடுகிறது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். பிறகென்ன இலவசம்?

மூன்றாவது, 10 வீதச் சேவைக் கட்டணம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்றை நம்பிக் காற்றாடிச் சறுக்குவோர் வருவார்கள், அதுவும் பெருகும். காற்று ஓய்ந்தால் குறைந்துவிடும். குறையாமல் நிற்பது அடிப்படைச் சம்பளம் ஒன்றே. முதலாளி செலுத்தவேண்டிய 12 வீதச் சேமலாப நிதியும் பெரும்பாலும் அதைப் பொறுத்து அமைகிறது. அதனால்தான் அதைச் சிறிதாக்கிவிட்டு மற்றவற்றைப் பெரிதாகப் பேசுகிறார்கள்.

2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கும் சட்டம் உறுதிசெய்த தொகை அது. பயின்று வந்தவனுக்கும் அதையே நீட்டிவிட்டு, வாய்ப்பளித்தோம் என்று பெருமை கொள்வது எந்த ஊர் நியாயம்?

தம்பிமாரே, தங்கைமாரே, அடிப்படைச் சம்பளத்தை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு அடுப்பை மூட்டுங்கள்.